ஏழுமலையின் மறுநுழைவுச் சீட்டு

9-2-1954, செவ்வாய். திருப்பதி

“வேங்கட மலையின் நிழலில் வாழும் என் தமிழ்ப் பெருமக்களே, காலில் சேறு உலராமல் கழனியிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே! உங்களைக் கேளாமல் உங்களை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிட்டார்கள். ஆந்திர மாநிலம் என ஒன்று பிறந்து நான்கு திங்களாயிற்று. அதன் பெயரை நம் ஊர்களின்மேல் எழுதியது அவர்கள் கை. அதே பெயரை உங்கள் கையாலும் எழுதுங்கள் என்கிறார்களே, அதற்கு நாம் இசைவோமா?”

இருபத்தொன்றாம் நாள் புத்தூரில் இப்படித் தொடங்கலாம். இவ்விடத்தில் நிறுத்தி, கூட்டம் “இசையோம்” என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். சொல்வார்கள். சென்ற அக்டோபர் முதல் நாள் அதே திடலில் நான் முன்மொழிந்த உறுதிமொழிதான் அது. எல்லைச் சிக்கல் தீரும்வரை, நம் கையால் எழுதும் எந்தத் தாளிலும் நம் ஊரை ஆந்திர மாநிலத்தது என்று எழுதோம். கடிதமாயினும் விண்ணப்பமாயினும் ‘சென்னை மாநிலம்’ என்றே எழுதுவோம். முந்நூறு பேர் கை உயர்த்தினார்கள். எல்லைக் குழுத் தலைவர் வேதாச்சலனார் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

மாலையில் பள்ளியிலிருந்து திரும்பினால் தம்பி ஏழுமலை வாயிற்படியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊர் வெதுருகுப்பத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறான்.

“பாஸ்போர்ட்டு வந்துச்சாக்கா?”

“கடவுச்சீட்டு” என்று திருத்தினேன்.

“எந்தப் பேர்ல வந்தாலும் சரி. வந்துச்சா?”

வரவில்லை. திசம்பர் ஏழாம் நாள் சென்னைக் கோட்டைக்கு அனுப்பியது. எங்கள் நைனா மறைந்த செய்தி கேட்டு, நவம்பரில் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவன் இவன். அங்கே இவனுக்கு ஒரு கைலிக் கடை. புத்தூர்த் தறியிலும் நகரித் தறியிலும் நெய்த கைலிகள் அங்கே விலை போகின்றன. மனைவி செங்கம்மாவும் நான்கு வயது மகளும் அங்கேயே இருக்கிறார்கள். புறப்படுமுன் மலாயாக் குடிநுழைவு அலுவலகத்தில் மறுநுழைவுச் சீட்டு வாங்கியிருக்கிறான். ஏப்பிரல் முப்பதுக்குள் பினாங்கில் கால் வைத்தால் அவன் பழைய குடியிருப்பாளன். மே முதல் நாள் வைத்தால் அயலான். அயலானாய்ப் புதிதாகப் புக விரும்புவோன், பெரிய கம்பெனி ஒன்று பெருஞ்சம்பளத்துக்கு அழைத்திருக்கும் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும் என்று சென்ற ஆண்டு அங்கே சட்டம் வந்துவிட்டது. தானே கடை வைத்திருப்பவனை எந்தக் கம்பெனி அழைக்கும்?

வந்த இடத்தில் கடவுச்சீட்டின் காலம் முடிந்துபோயிற்று. புதியது கிடைத்தால் ஏப்பிரல் 17-ஆம் நாள் கப்பல்; அதை விட்டால் அடுத்தது மே மாதம்தான். எட்டு நாளில் பினாங்கு. நாள் நிறைய இருக்கிறது.

அவனுக்கு மலாய் பேச வரும், சீனரோடு விலை பேச வரும். ஆங்கிலம் எழுத வராது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ‘நிரப்பியவர்’ என்ற இடத்தில் கையொப்பமும் என்னுடையது. ‘மாநிலம்’ என்று கேட்ட கட்டத்தில் என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

13-2-1954, சனி

அஞ்சல்காரர் வந்தார். வீட்டுக்கார வசுமதி மாமிக்கு மட்டும் ஒரு கடிதம்.

21-2-1954, ஞாயிறு

புத்தூர்க் கூட்டம் சிறப்பு. “இசையோம்” என்றார்கள், மூன்று முறை சொன்னார்கள். வேதாச்சலனார், “அம்மையார் பேசினால் திடலே நிமிர்ந்து உட்காருகிறது” என்றார். தம்பியும் வந்திருந்தான். திரும்பும் பேருந்தில், ரேணிகுண்டாவைத் தாண்டிய பிறகு, “நீ பேசனா கடைசி ஆளு வரிக்கும் கேக்குதுக்கா. கோட்டையில இருக்கறவனுக்கு மட்டும் இன்னும் கேக்கல போல” என்றான்.

சிரித்தேன். அவனும் சிரித்தான்.

2-3-1954, செவ்வாய்

கோட்டையிலிருந்து உறை வந்தது. பருமனாக இருந்தது. கையில் வாங்கியதும் மகிழ்ந்தேன்.

உள்ளே நாங்கள் அனுப்பிய விண்ணப்பமே இருந்தது. கூடவே ஒரு குறிப்பு. விண்ணப்பத்தில் கண்ட ஊர் இம்மாநிலத்தில் இல்லை. அது ஆந்திர மாநிலத்தது. எனவே சித்தூர் மாவட்ட அலுவலகத்தின் வழியே கர்னூலுக்கு விண்ணப்பிக்க. ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிக்குக் கீழே விண்ணப்பதாரரும் நிரப்பியவரும் கையொப்பமிட்டிருப்பதால், மாநிலத்தை மாற்றி எழுதியது ஏன் என்று நிரப்பியவர் தம் கையால் விளக்கம் தருக. அவ்விளக்கம் இல்லாமல் புதிய விண்ணப்பத்தை எங்கும் ஏற்கலாகாது.

நிரப்பியவர். நான்.

எண்பத்தைந்து நாள் போயிற்று.

உறையை இலக்கண நூல்களுக்கு அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன்? மேசைமேல் வைத்தால் என்ன?

3-3-1954, புதன்

பாடம் நடத்தும்போது ஒரு மாணவி, “அம்மா, அதே பாட்டை இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள்” என்றாள்.

அவனிடம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? உன் விண்ணப்பத்தில் என் கொள்கையை எழுதினேன் என்றா? அவனைக் கேட்டேனா — கேட்கவில்லை. நிரப்பி, “இங்கே கையெழுத்துப் போடு” என்றேன். போட்டான். அக்கா எழுதினால் சரியாக இருக்கும் என்று போட்டான்.

மக்களைக் கேளாமல் அவர்கள் பெயரில் எழுதியவர்களைத்தானே நான் மேடைதோறும்…

போதும்.

6-3-1954, சனி. சித்தூர்

பள்ளிக்கு விடுப்புச் சொல்லி, தம்பியிடம் சொல்லாமல், சித்தூருக்கு வந்தேன். மாவட்ட அலுவலகத்தில் இப்பிரிவைப் பார்ப்பவர் தலைமை எழுத்தர் அனுமந்தராவ். தெலுங்கர், ஐம்பது வயதிருக்கும். என் பெயரைப் படித்ததும் நாற்காலியைத் தாமே எடுத்துப் போட்டார்.

“தாட்சாயணம்மாகாரா? புத்தூர்ல உங்க பேச்சு கேட்டேன். பஸ்ஸு வர்ற வரிக்கும் கேக்கலாம்னு நின்னேன். மூணு பஸ்ஸு போயிடிச்சு.”

ஏளனமாய்ச் சொல்லவில்லை. ஏளனம் செய்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதிய படிவம் கொடுத்தார். திசம்பரிலேயே தம்பி கையொப்பமிட்டுக் கூடுதலாய்த் தந்திருந்த தாள்களையும் படங்களையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். பிறகு விளக்கம் எழுத ஒரு வெள்ளைத் தாள். இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை ஊருக்கு உசாவலுக்கு அனுப்பிவிடுவதாகவும், இருபது நாளில் கர்னூலுக்குப் போய்விடும் என்றும், ஏப்பிரல் கப்பலுக்கு வேண்டிய நாள் இருக்கிறது என்றும் சொன்னார். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். அவர் பார்த்தார்.

“ஒரு கட்டம் காலியா இருக்குதே அம்மா.”

“சித்தூர் மாவட்டம் என்று எழுதியிருக்கிறேன். சித்தூர் மாவட்டம் எங்கே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாது” என்றார்.

பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைப் போடுவதற்குள் முந்நூறு கைகள் கண்முன் வந்தன. என் குரலில் உயர்ந்த கைகள். மை சொட்டிற்று. பேனாவை மூடிவிட்டு, “எண்ணிப் பார்த்து வருகிறேன்” என்று எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. “லேட்டு பண்ணாதீங்கம்மா” என்று மட்டும் சொன்னார்.

தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். பேருந்து நிலையம்வரை நிமிர்ந்தே நடந்தேன்.

8-3-1954, திங்கள்

வேதாச்சலனார் வீட்டுக்குப் போனேன். உறையைப் படித்தார். அவர் கண் ஒளிர்ந்ததைப் பார்த்தேன்; ஏன் என்று அப்போது விளங்கவில்லை. “எழுதிக் கொடாதீர்கள், அம்மையீர். இது நமக்குக் கிடைத்த வழக்கு. தமிழன் தன் ஊரைத் தமிழகத்தது என்று எழுதினால் கடல் கடக்க முடியாதா என்று சென்னைச் சட்டமன்றத்திலேயே கேட்கச் செய்கிறேன். பத்தே நாள் பொறுங்கள்” என்றார்.

பத்து நாள். அது போனாலும் ஏப்பிரல் இருக்கிறது.

நம்பினேனா? நம்ப வேண்டியிருந்தது.

20-3-1954, சனி

பத்து நாள் பன்னிரண்டாயிற்று. அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆள் அனுப்பினால், சட்டமன்ற உறுப்பினர் சுற்றுப்பயணத்தில் இருக்கிறாராம்.

வசுமதி மாமிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. என் முகம் சொல்லியிருக்கும். அவர் கணவர் வெங்கடராகவன் மலைமேல் கோயிலில் தொண்டு செய்பவர். மாமி குழம்புக் கிண்ணத்தோடு வந்து நின்றார். “ஏம்மா தாட்சாயணி, இவர் முப்பது வருஷமா மலைக்கு ஏறிண்டிருக்கார். பெருமாள் எந்த மாநிலம்னு கேட்டா, மலைமேல இருக்கார்னு சொல்லிட்டு அவா கேட்டதை எழுதிக் குடுத்துட்டு வரார். நீ எழுதினா மலை நகர்ந்துடுமா?”

“கொள்கை மாமி” என்றேன்.

“கொள்கை உனக்கு. கப்பல் அவனுக்கு” என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

22-3-1954, திங்கள்

செங்கம்மாவின் கடிதம், வான் அஞ்சலில். எனக்கே எழுதியிருக்கிறாள், அவன் ஊரில் இருந்தால் கிடைக்கச் சுணங்கும் என்று. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

“அக்காவுக்கு வணக்கம். எனக்கு ஏழாவது மாசம். கடை மூடும்போது பலகைய தூக்கி மாட்ட முடியல. மே ஒண்ணாந்தேதி கடை ரிஜிஸ்டர் புதுசு பண்ணனுமாம், மொதலாளி நேர்ல வந்து கையெழுத்து போடணுமாம். இவரு வரலன்னா தம்பேருக்கு மாத்திக்கறேன்னு கடைப் பங்காளி சொல்றாரு. நல்லபடியாத்தான் சொல்றாரு, ஆனா ரெண்டு வாட்டி சொல்லிட்டாரு. நீங்க எழுதி போட்டீங்கன்னா சீக்கிரம் வந்துடும்னு இவரு எழுதியிருந்தாரு. அதனால நான் பயப்படல.”

அதனால நான் பயப்படல.

ஐயோ, பயப்படும்மா. பயப்படு. நான் எழுதிப்போட்டதால்தான்…

25-3-1954, வியாழன்

ஏழுமலை வந்தான். முகம் தெளிவாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு. ரேணிகுண்டா நிலையத்தின் வெளியே தேநீர்க் கடையில் ஒருவனைப் பார்த்தானாம். கப்பல் ஏஜெண்டு என்று சொல்லிக்கொள்கிறவன். கடவுச்சீட்டு வேறிடத்திலிருந்து வாங்கித் தருவானாம். அது சுணங்கினாலும், மறுநுழைவுச் சீட்டில் ஏப்பிரல் என்பதை ஆகஸ்டு என்று மாற்றிவிடுவானாம். பினாங்கில் எவரும் உற்றுப் பார்ப்பதில்லையாம். நாளை மறுநாள் சீட்டை அவன் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றான்.

“கொடுக்காதே. திருத்திய சீட்டோடு போய் இறங்கினால் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். பிறகு எந்நாளும் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது.”

“பின்ன இன்னா பண்ணச் சொல்ற? கோட்டையிலதான் தூங்கறானுங்களே.”

இனி மறைக்க முடியவில்லை. “கோட்டையில் இல்லை, ஏழுமலை. மார்ச்சு இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது” என்றேன்.

“எங்க இருக்குது?”

புத்தகங்களைக் காட்டினேன். அவனே அடுக்கைத் தூக்கி எடுத்தான். “படி” என்றான். படித்தேன், தமிழாக்கிச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினான். சித்தூர் போனதையும் எழுதாமல் திரும்பியதையும் சொன்னேன். வேதாச்சலனாரின் பத்து நாளையும் சொன்னேன்.

கத்துவான் என்று எண்ணினேன். கத்தவில்லை.

“ஊரு எந்த கவர்மெண்டுல இருந்தா எனக்கு இன்னாக்கா? எம் பொண்டாட்டி எந்த ஊர்ல இருக்கறான்னு கேக்கற கட்டம் ஒண்ணு இருந்திருக்குமே. அத நீ சரியா எழுதனியா?”

எழுதினேன் என்றேன். பினாங்கு என்று எழுதினேன்.

“அப்ப தெரிஞ்சிதான் பண்ணியிருக்கற.”

சோறு எடுத்து வைத்தேன். உண்ணாமல் போய்விட்டான். மறுநுழைவுச் சீட்டை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அந்த ஏஜெண்டுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்வது போல. இவ்வளவுக்குப் பிறகும் என் சொல்லைக் கேட்கிறான்.

26-3-1954, வெள்ளி. சித்தூர்

எழுதினேன்.

‘எங்கள் ஊர் ஆந்திர மாநிலத்தது என அறிந்தே, என் கருத்துப் பற்றி வேறாக எழுதினேன். விண்ணப்பதாரர் இதனை அறியார். பிழை என்னுடையது.’ ஆங்கிலத்தில் மூன்று வரி. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்று காலியாய் விட்ட கட்டத்தையும் நிரப்பினேன்.

அனுமந்தராவ் என் முகத்தைப் பார்க்காமல், ஈரத்தை ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்தார். ஊர் உசாவலை விரைவில் முடிக்கத் தாமே பேசுவதாகச் சொன்னார். “அந்த இருபது நாளு இருந்திருந்தா…” என்று தொடங்கி, முடிக்காமல் தாளைக் கட்டில் கோத்தார்.

1-4-1954, வியாழன்

ஒன்றும் இல்லை.

5-4-1954, திங்கள்

ஒன்றும் இல்லை. ஏழுமலை கப்பலுக்குப் பதிந்துவிட்டானாம். மாமியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் பள்ளியில் இருக்கும் வேளையாகப் பார்த்து வருகிறான்.

9-4-1954, வெள்ளி

தாள்கள் நேற்றுக் கர்னூலுக்குப் போய்விட்டன. எட்டு நாள் இருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்தது வேதாச்சலனார் காதுக்கும் எட்டிவிட்டது. பள்ளி வாயிலுக்கு வந்தார். “உறுதிமொழியை முன்மொழிந்தவரே முறித்தால் மக்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்றார். உங்கள் உறுப்பினர் சட்டமன்றத்தில் கேட்டாரா என்றேன். அது காலம் பார்த்துக் கேட்க வேண்டியது என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, “கப்பல் தவறிப்போனால் நம் வழக்கு இன்னும் வலுப்பெறும், நான் மனத்தால் அதை விரும்பவில்லை, நடந்துவிட்டால் என்றுதான் சொல்கிறேன்” என்றார்.

அன்று அவர் கண் ஏன் ஒளிர்ந்தது என்பது இப்போது விளங்கிற்று. அவரைக் குறை சொல்லி என்ன? நானும் மேடையில் எத்தனை பேருடைய துன்பத்தை அப்படிக் கையில் எடுத்து உயர்த்திக் காட்டியிருக்கிறேன்.

13-4-1954, செவ்வாய். கர்னூல்

குண்டக்கல்லில் வண்டி மாறி, துரோணாசலத்தில் மீண்டும் மாறி வந்து சேர்ந்தேன். தலைநகரம் என்கிறார்கள், அலுவலகம் பாதி கூடாரத்தில் இருக்கிறது. துணிச் சுவருக்குள் வெயில் கொதிக்கிறது. காற்று அடித்தால் எழுத்தர்கள் தாள்களின்மேல் கல்லை வைக்கிறார்கள். ஏழுமலையின் கட்டு நான்காவது மேசையில் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். என் மூன்று வரி மேலே தெரிந்தது.

கையொப்பமிடுபவர் சுற்றுப்பயணத்தில். வியாழன் வருவாராம்.

15-4-1954, வியாழன்

மாலை நான்கு மணிக்கு வந்தார். ஒரு குவியல். எழுந்து நின்று வணங்கிக் கேட்டேன். எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். இதுவரை அலுவலகம் எதிலும் பேசியதில்லை. இன்று பேசினேன். கெஞ்சினேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். “நாளை விடுமுறை; சனிக்கிழமை முதலாவதாக உங்களுடையது” என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கப்பல்.

16-4-1954. பெரிய வெள்ளி

கூடாரத்தின் வாயிலைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். எதிரே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். போக வேறிடம் இல்லை.

17-4-1954, சனி

பதினொரு மணிக்குக் கையில் கொடுத்தார்கள். கருநீல அட்டை. உள்ளே தம்பியின் முகம். “சென்னையில் கப்பல் போயிருக்குமே” என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன் போலும். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து, சென்னையில் எடுக்கும் கப்பல் நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் போகும், அங்கே திங்கள் மாலை எடுப்பார்கள் என்றார்.

திங்கள் மாலை. ஓடினேன். தந்தி கொடுத்தேன்: பெட்டியோடு ரேணிகுண்டா நடைமேடையில் நில்.

18-4-1954, ஞாயிறு. வண்டியில்

நின்றிருந்தான். தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், செங்கம்மாவுக்கு ஒரு பானையில் ஊறுகாய். ஏறினான். கடவுச்சீட்டை வாங்கி ஒருமுறை திறந்து பார்த்து, சட்டைக்குள் வைத்தான். சென்னையில் வண்டி மாறும்போது என் பையையும் அவனே தூக்கிக்கொண்டான்.

பிடித்துவிடலாம். பிடித்துவிடலாம்.

19-4-1954, திங்கள். நாகப்பட்டினம்

கப்பல் நின்றுகொண்டிருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலில். படகுகள் ஆட்களை ஏற்றிப்போய் விட்டுவிட்டு வருகின்றன. எல்லாம் தெரிகிறது. மேல்தட்டில் உலர்த்திய துணி தெரிகிறது.

இங்கே ஏறுபவர் முன்னாளே முகாமுக்கு வந்து மருத்துவச் சோதனை முடித்துப் பெயர் பதிந்திருக்க வேண்டுமாம். பட்டியல் நேற்று மாலை ஐந்து மணிக்கு மூடப்பட்டது. அம்மை குத்திய சான்று இருக்கிறது என்றோம்; கடவுச்சீட்டு, மறுநுழைவுச் சீட்டு, பயணச்சீட்டு, எல்லாம் இருக்கிறது என்றோம். எல்லாவற்றையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பட்டியலில் பெயர் இல்லை.

பேசினேன். எனக்குத் தெரிந்த மொழிகளிலெல்லாம் பேசினேன். என் குரலைக் கேட்டுச் சுமைகாரர்கள் கூடிவிட்டார்கள். ஏழுமலை என் முழங்கையைத் தொட்டு, “உடுக்கா. கூட்டம் கூடுது” என்றான்.

மணலில் பெட்டியின்மேல் உட்கார்ந்து, கப்பல் போவதைப் பார்த்தான். நேற்றிலிருந்து அவன் என்னிடம் பேசியது அந்த மூன்று சொல்தான்.

1-5-1954, சனி

நேற்றோடு முடிந்தது.

6-5-1954, வியாழன்

செங்கம்மா நிறைவயிற்றோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு நடந்து போய்க் கேட்டிருக்கிறாள். நீட்டிப்பு இல்லை, புதிதாய் விண்ணப்பிக்கலாம், புதிய சட்டப்படி ஒப்பந்தம் வேண்டும். கடை பங்காளியின் பெயருக்குப் போய்விட்டது. “அவரு மோசமில்ல, மாடியில இருக்கச் சொல்லியிருக்காரு” என்று எழுதியிருக்கிறாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏசியிருக்கலாம்.

9-5-1954, ஞாயிறு

இரண்டு பெண்கள் வந்தார்கள். நகரிப் பக்கம் பாப்பாத்தி. கணவர் இரங்கூனில் துணி வணிகம். அவளோடு கிருட்டிணம்மா, மகன் கொழும்பில் ஓர் உணவகத்தில் வேலை, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஊர்ச் சான்று கேட்டிருக்கிறார்கள். ஏழுமலைக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்.

“நாங்களும் நீங்க சொன்ன மாதிரிதாம்மா எழுதி அனுப்பினோம்” என்றாள் பாப்பாத்தி. “போயி நாலு மாசமாச்சு. பதில் இல்ல. அதான் கேட்டுக்கினு போலாம்னு.”

இப்படி இன்னும் யார் யார் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்கள். இரண்டு கை போதவில்லை. பதினொரு வீடு, இவர்களுக்குத் தெரிந்த அளவில்.

கை உயர்த்தியவர்கள் முந்நூறு.

மாலையிலேயே வேதாச்சலனாரிடம் போய், உறுதிமொழியை இப்போதே விலக்குங்கள், வீடு வீடாய் ஆள் அனுப்புங்கள் என்றேன். பதினாறாம் நாள் கூட்டம் எல்லைக் கோரிக்கைக்கு. அதில் இதைக் கலக்க வேண்டாம் என்றார். எல்லையை நான் விடவில்லை ஐயா என்றேன். திருத்தணியும் புத்தூரும் நமக்கு வேண்டும் என்று நாளையும் கேட்பேன். ஆனால் கேட்கும் விலையை இரங்கூனில் இருப்பவன் கொடுக்கக் கூடாது.

“மேடையில் சொல்லாதீர்கள்” என்றார்.

12-5-1954, புதன்

பினாங்கிலிருந்து தந்தி. ஆண் குழந்தை. இருவரும் நலம். வெதுருகுப்பத்துக்கு ஆள் அனுப்பினேன்.

16-5-1954, ஞாயிறு. புத்தூர்

சொன்னேன்.

விளிகளை அடுக்கவில்லை, ஊரும் பெயரும் நாளும் சொன்னேன். “திசம்பர் ஏழாம் நாள் என் தம்பியின் விண்ணப்பத்தை நான் பிழையாய் நிரப்பினேன். மார்ச்சு ஆறாம் நாள் திருத்த இடமிருந்தும் திருத்தவில்லை. அவனுக்குப் பிறந்த மகனை அவன் எப்போது பார்ப்பான் என்பது எனக்குத் தெரியாது. உங்களுள் பதினொரு வீட்டார் அதே பிழையைச் செய்திருக்கிறீர்கள். நான் சொல்லிச் செய்தீர்கள். உங்கள் ஆட்களின் அனுமதிகளும் நாள் குறித்தவைதான். இந்த மேசையில் மையும் தாளும் வைத்திருக்கிறேன். விளக்கங்களில் பிழை என்னுடையது என்று என் கையால் எழுதித் தருகிறேன். எல்லைக்குப் போராடுவோம், அதை இந்த மேடையில் செய்வோம். கடல் கடந்து இருப்பவனுடைய தாளில் செய்யவேண்டாம்.”

வேதாச்சலனார் நாற்காலியிலிருந்து எழுந்து மேடையைவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கை தட்டிற்று. என்னால் நம்ப முடியவில்லை. வழக்கம்போல், என் குரல் உயர்ந்த இடங்களிலெல்லாம் தட்டினார்கள். தாழ்ந்த இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடித்த பிறகும் தட்டினார்கள். ஒருவரும் எழவில்லை. அடுத்துப் பேசுபவர் யார் என்று மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகளாய் நான் இவர்களுக்குப் பழக்கியது இதைத்தான். மேசையருகே நின்றேன். இன்னும் ஒரு சொல் சொன்னால் அதற்கும் தட்டுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். ஏழுமலை. அவன் வந்திருப்பது எனக்குத் தெரியாது. மேடைக்கு வரவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, தன் முன்னால் உட்கார்ந்திருந்த முதுகுகளைப் பார்த்துச் சொன்னான்:

“கை தட்னது போதும். எய்ந்து ஊட்டுக்குப் போயி காயிதத்த எடுத்துக்கினு வாங்க. இன்னிக்கே. நான் இங்கதான் நிக்கறேன். போங்க.”